பராசக்தியா, அந்த நாளா? மாதம் ஒரு படத்துக்கு என் தேர்வு

மாதம் ஒரு படம் போடுவது என்று குடியிருப்பில் முடிவாகிவிட்டது. பொதுக்கூடத்தில் புரொஜெக்டர் இருக்கிறது, வெள்ளைச் சுவர் இருக்கிறது, நாற்காலி எடுத்துப் போட ஆள் இருக்கிறார். எந்தப் படம் என்பதில்தான் தகராறு. வாட்ஸாப்பில் ஓட்டுக்கு விட்டால் பராசக்தி, மூன்றாம் பிறை, நாயகன், அன்பே சிவம் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான் மேலே வருகின்றன. யாரும் குறை சொல்ல முடியாத பட்டியல். அதனாலேயே எனக்கு உறுத்துகிறது. ஓட்டுப் போட்டவர்களிடம், அந்தப் படத்தைக் கடைசியாக எழுத்துப் போடுவதிலிருந்து வணக்கம் வரை முழுசாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னொரு படத்தை நிறுத்திப் பார்த்தேன். எதிரே நிற்பது ஏதோ ஒரு வகையில் அதற்குச் சொந்தம்தான்: அதே நடிகர், அல்லது அதே இயக்குநர், அல்லது அதே விஷயம். எது காவியம் என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரியை எதற்குக் கொடுக்கலாம் என்பதே கேள்வி.

என் சந்தேகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் படங்கள் துண்டு துண்டாகத்தான் நிலைத்தன. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டோம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் வசன ரிக்கார்டு போட்டார்கள். தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் பார்த்தோம். பிறகு நகைச்சுவைச் சேனல்கள், இப்போது ரீல்ஸ். வசனமாகவோ பாட்டாகவோ கிளைமாக்ஸாகவோ தனியே பிய்த்தெடுக்க வந்த படங்களுக்கு இந்த ஏற்பாடு மறுபடி மறுபடி உயிர் கொடுத்தது. பிய்க்க வராத படங்கள் பின்தங்கிவிட்டன. மிகையாகப் புகழப்படுகிறவை என்று நான் நினைக்கும் படங்கள் பெரும்பாலும் மோசமான படங்கள் இல்லை. அவற்றின் ஒரு துண்டுக்குச் சேர வேண்டிய பெயர் முழுப் படத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி இதற்கு முதல் சாட்சி. கலைஞரின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜிக்கு முதல் படம். அந்த நீதிமன்றக் காட்சியை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறார், விநாயகர் சதுர்த்திக்கு மைக் கிடைத்தால் விட மாட்டார். அரசியல் வரலாற்றில் அந்தப் படத்தின் இடத்தை யாரும் அசைக்க முடியாது. பதினைந்து வருஷம் கழித்து ஆட்சிக்கு வரப்போகிற ஒரு கட்சியின் குரல் அதில் கேட்கிறது. ஆனால் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை. மேடை நாடகத்திலிருந்து வந்தது, மேடையை விட்டு இறங்க மனசில்லாமலே இருக்கிறது. ரங்கூனிலிருந்து வந்த குணசேகரன் இருப்பதைப் பறிகொடுத்துப் பைத்தியமாக நடிக்கும் பகுதி நீண்டுகொண்டே போகிறது. கல்யாணியின் கஷ்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பேசுகிறவர் எதிரே கேமரா கைகட்டி நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது. அதுதான் அதன் பலம், திரையிடலுக்கு அதுவே சிக்கல்.

இரண்டே வருஷம் கழித்து, 1954இல், அதே சிவாஜியும் அதே பண்டரிபாயும் ஏவிஎம் தயாரிப்பில் அந்த நாள் என்ற படத்தில் நடித்தார்கள். இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், வீணைக் கலைஞராக உலகம் அறிந்த அதே பாலச்சந்தர். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. படத்துக்கு இருபது பாட்டு என்ற காலத்தின் வாடை இன்னும் போகாத வருஷம் அது. போதாக்குறைக்கு, படம் தொடங்கியவுடனே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி சரிந்து விழுந்து செத்துப்போகிறார். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர்தான் கதை நடக்கும் நேரம். ரேடியோ இன்ஜினியர் ராஜனைக் கொன்றது யார் என்று சி.ஐ.டி. சிவானந்தம் விசாரிக்கிறார். அந்த வேடத்தில் வரும் ஜாவர் சீதாராமனே படத்தின் திரைக்கதை வசனகர்த்தா. தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு ராஜனைச் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சிவாஜி வேறு ஆளாகத் தெரிகிறார்.

ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படமான குரசாவாவின் ரஷோமோனை எல்லோரும் இதனுடன் சேர்த்துச் சொல்வார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே உண்மை கடைசிவரை பிடிபடாது, இங்கே பிடிபட்டுவிடுகிறது. பிடிபட்ட பிறகு வரும் விளக்கம் கொஞ்சம் நீளம், தேசபக்திப் பாடமும் உண்டு. அது குறைதான். ஆனால் ஒளிப்பதிவாளர் மாருதி ராவின் நிழல்கள், கீழிருந்து மேல் நோக்கும் கோணங்கள், ஊர் முழுக்கக் கொண்டாடப்பட்ட ஒரு நாயகனைக் கதை கொண்டுபோய் நிறுத்துகிற இடம், இவற்றையெல்லாம் எந்த ரீலிலும் தர முடியாது. அந்த இடம் எது என்று சொல்ல மாட்டேன். நாற்பது பேர் சேர்ந்து ஊகிக்க வேண்டிய விஷயம். முதல் மாதம் அந்த நாள்தான். மூன்றாம் மாடிக்காரருக்கு இடைவேளையில் மைக் தருகிறோம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது பாலு மகேந்திரா, இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

மூன்றாம் பிறை 1982. கமலுக்குத் தேசிய விருது, பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது, கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு, கேத்தி ரயில் நிலையத்தில் மழைச் சேற்றில் கமல் குட்டிக்கரணம் போடும் முடிவு. அந்த முடிவை எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வரும் படத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். சில்க் ஸ்மிதாவின் பகுதி விநியோகஸ்தருக்காக ஒட்டவைத்தது போலத் தனியே நிற்கிறது. குழந்தை மனசோடு இருக்கும் ஒரு பெண்ணை ஓர் ஆண் தனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்கிற ஏற்பாட்டைப் பற்றிப் படம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவன் நல்லவன் என்று நம்பச் சொல்கிறது, ஊட்டியின் பனியைக் காட்டி நம்பவும் வைத்துவிடுகிறது. கடைசிப் பத்து நிமிஷம் மிச்ச எல்லாவற்றையும் மன்னிக்க வைக்கிறது.

வீடு 1988இல் வந்தது. சுதா என்ற நடுத்தரவர்க்கப் பெண். தங்கையும் தாத்தாவும் அவள் பொறுப்பு. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்கிறார்கள் சுற்றியிருப்பவர்கள். கட்டுகிறாள். கதை இவ்வளவுதான். சொல்லிக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். ஆனால் வீடு கட்டிய எவரும் இந்தப் படத்தை நாற்காலி நுனியில்தான் பார்ப்பார்கள். அப்ரூவலுக்கு அலைவது, கடனுக்கு அலைவது, நகை போவது, சிமென்ட் மூட்டையில் கான்ட்ராக்டர் கை வைப்பது, அதைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைப்பது. வில்லன் என்று ஒருவரும் கிடையாது. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள், யாரையும் முழுசாகத் திட்டவும் முடிவதில்லை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைத் தனியே பார்க்க வருகிற காட்சி ஒன்று இருக்கிறது. வசனம் கிடையாது. சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்கு மேல் அங்கே எதுவும் நடப்பதில்லை. அந்தக் காட்சியைத் தனியே வெட்டி யாருக்காவது அனுப்பினால், கிழவர் ஏன் சுவரைத் தடவுகிறார் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தோடு மணலுக்கும் ஜல்லிக்கும் அலைந்தவர்களுக்கே அந்தக் கை என்ன செய்கிறது என்று தெரியும்.

பாட்டு இல்லை. இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்த இசை அங்கங்கே வருகிறது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, இரண்டும் கிடைத்தன. விருது கிடைத்த படத்தை எப்படிக் கவனிக்கப்படாத படம் என்பது என்று கேட்கலாம். விருது வாங்கிய படம் என்று தெரிந்தவர்கள் நிறைய, பார்த்தவர்கள் கொஞ்சம். அப்படியொரு வகை தமிழில் உண்டு. கூடம் முழுக்க வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. முடிவில் குடிநீர் வாரியத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. அதற்குப் பிறகு விளக்கைப் போட அவசரப்பட வேண்டாம்.

மார்ச் மாதம் மகளிர் தினத்தை ஒட்டி ஏதாவது போடச் சொல்கிறார்கள். வழக்கம்போல கே. பாலசந்தரின் அவள் ஒரு தொடர்கதை, 1974, முன்மொழியப்பட்டது. சுஜாதாவின் நடிப்புக்காக எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் கவிதாவைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்கிறது, பிறகு கும்பிடச் சொல்கிறது. குடும்பத்துக்காகத் தேய்கிற பெண்ணைப் புரட்சிப் பெண் என்று பெயரிட்டு மறுபடி அதே வேலைக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறது. நான்கு வருஷம் கழித்து, 1978 தீபாவளிச் சமயத்தில், ருத்ரய்யாவின் அவள் அப்படித்தான் வந்தது. கலர் வந்துவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளை. ஸ்ரீபிரியாவின் மஞ்சுவைக் கும்பிட முடியாது, பரிதாபப்பட்டால் அவளே திட்டுவாள். நெற்றி நிறைய விபூதியோடு பெண்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே இருக்கும் ரஜினி, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற முற்போக்குக் கமல். இரண்டு பேரில் யார் அதிகம் ஏமாற்றுகிறார் என்பதைப் படம் நிதானமாகக் காட்டுகிறது, பதில் நாம் நினைத்த ஆள் இல்லை. வசனத்தில் வண்ணநிலவன், அனந்து ஆகியோரின் கையும் உண்டு. உறவுகள் தொடர்கதை பாட்டு தெரியாதவர் இல்லை. அது எந்தப் படத்தில் என்று கேட்டால் பாலசந்தர் படம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு பிழைத்துப் படம் தொலைந்த கதை. ருத்ரய்யா அதற்குப் பிறகு கிராமத்து அத்தியாயம் என்று ஒன்றே ஒன்று எடுத்தார். இதில் யோசிக்கவே வேண்டாம், அவள் அப்படித்தான்.

சோழர் விஷயத்தில் சண்டை வேண்டாம் என்றிருந்தேன், விட மாட்டேன் என்கிறார்கள். பொன்னியின் செல்வன் இரண்டு பாகமும் போட்டால் இரண்டு மாதம் போய்விடும். நாவலைப் படித்தவர்கள் நந்தினியைப் பற்றி இன்னும் இரண்டு மாதம் பேசுவார்கள். ரவிவர்மனின் ஒளிப்பதிவு அழகு, ஆனால் அரண்மனையில் நடக்கிறவர்களோடு எனக்கு எந்த ஒட்டும் ஏற்படவில்லை. செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன், 2010, முதல் பாதியில் வெளிநாட்டுச் சாகசப் படங்களை நம்மூர் செலவில் எடுத்தது போல இருக்கும். கிராபிக்ஸ் சில இடங்களில் சிரிப்பு மூட்டும். இரண்டாம் பாதியில் பசித்த சோழர்கள் வருகிறார்கள், பார்த்திபன் வருகிறார், பிறகு ராணுவம் வருகிறது. ஈழப் போர் முடிந்த 2009க்கு அடுத்த பொங்கலுக்கு வந்த படம் என்பதை நினைவில் வைத்து அந்தக் கடைசி அரை மணியைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். இப்போது இதைக் கொண்டாட ஒரு பெரும் கூட்டம் இருக்கிறது, கவனிக்கப்படாத படம் என்று இனியும் சொல்வது நியாயமில்லை. அரைப் படம் அபாரம், அரைப் படம் தடுமாற்றம். குழந்தைகள் வருகிற கூட்டத்துக்கு இரண்டாம் பாதி ஆகாது. பாட்டுக் கேட்கிற சாயங்காலம் ஒன்று வைத்தால் தாய் தின்ற மண்ணே போடலாம், அத்தோடு இதை மூடுகிறேன்.

மணிரத்னத்தின் நாயகன், இருவர் என்ற இரண்டு படங்களுக்கும் இடையில்தான் என் கொள்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. துண்டுகளால் வாழும் படம் என்றால் நாயகன்தான் அதற்குத் தலைவன். நீங்க நல்லவரா கெட்டவரா என்று கேட்காத மேடை மிமிக்ரி கிடையாது. டைம் பத்திரிகை 2005இல் வெளியிட்ட நூறு சிறந்த படங்கள் பட்டியலில் இடம்பெற்றது, போஸ்டரிலேயே போடலாம். ஆனாலும் மறுபடி முழுசாகப் பார்த்தபோது படம் நின்றது. காட்ஃபாதரின் சாயல் எல்லோரும் சொல்கிற குறை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் வேலு நாயக்கரின் வீடு, சாப்பாடு, சாவுக்கு அழும் விதம் எல்லாம் நம்முடையது. சலூனோ தாராவிச் சந்தோ எதுவானாலும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் வெளிச்சத்தை மிச்சம் பிடித்துச் செலவழிக்கிறார். ஒரு துண்டு பிரபலம் என்பதாலேயே முழுப் படத்தைச் சந்தேகிக்கக் கூடாது என்று இந்தப் படம் என்னிடம் வாதாடுகிறது.

இருவர் 1997 பொங்கலுக்கு வந்து ஓடாமல் போனது. இப்போது சினிமா ரசிகர்கள் மத்தியில் மணிரத்னத்தின் ஆகச் சிறந்த படம் இதுதான் என்பது ஏறக்குறையச் சட்டமாகிவிட்டது. எம்.ஜி.ஆர். சாயலில் மோகன்லாலின் ஆனந்தன், கலைஞர் சாயலில் பிரகாஷ்ராஜின் தமிழ்ச்செல்வன், வெட்டாமல் நீளும் ஷாட்டுகள், காலத்துக்கேற்ப நிறம் மாறும் ரகுமானின் பாட்டுகள். கவிதைகளை ஒலிநாடாவில் முதலில் அரவிந்த்சாமி குரலில் கேட்டுவிட்டு, படத்தில் பிரகாஷ்ராஜ் சொல்லக் கேட்டபோது ஒரு தலைமுறையே திகைத்தது. முதல் பாதியின் நட்பு அவ்வளவு இயல்பு. பிரிந்த பிறகு படம் ஓடுகிறது; பதவி, தேர்தல், மரணம் எல்லாம் தலைப்புச் செய்திகளாகக் கடந்துபோகின்றன. யார் யார், எது எப்போது நடந்தது என்று தெரிந்தவருக்கு அந்த இடைவெளிகள் தாமாக நிரம்பும். தெரியாதவருக்குக் குழப்பம்.

எங்கள் கூடத்தில் வட இந்தியக் குடும்பங்களும் உண்டு, சப்டைட்டிலோடுதான் போடுகிறோம். அவர்கள் வருகிற மாதம் நாயகன். அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதிகம் வருகிற மாதம் இருவர். பிந்தையதில் படம் ஓடும்போதே பின்வரிசையிலிருந்து விளக்கவுரை வரும், அதைத் தடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

கடைசி ஜோடிக்காகத் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன். அன்பே சிவம் மிகையாகப் புகழப்படும் படம். 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடவில்லை என்பது உண்மை. அதன் பிறகு டிவியில் போட்டுப் போட்டு, தோற்ற நல்ல படம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அதுதான் என்றாகிவிட்டது. இருபது வருஷமாக எல்லோரும் சேர்ந்து யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் படம். புவனேஸ்வர் விமான நிலையத்தில் தொடங்கி ரயிலும் வெள்ளமுமாகப் போகும் பயணம் இன்றைக்கும் பிரமாதம். மதனின் வசனத்தில் கிண்டல் மின்னும் இடங்கள் பல. பிளாஷ்பேக் வந்ததும் எல்லாம் கோஷமாகிவிடுகிறது. முதலாளி சிவபக்தர், தொழிலாளி நல்லவர், காதலி இரண்டுக்கும் நடுவில். மாதவனின் அன்பரசு இருப்பதே திருத்தப்படுவதற்காக. கடவுள் யார் என்று கமலின் நல்லசிவம் சொல்லும் வாசகத்தை எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம், அப்படித்தான் வைக்கிறோம். படம் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. நாம் நல்லவர்கள் என்று ஒப்புக்கொண்டு அனுப்பிவைக்கிறது.

இதே கமல் எழுதிய மகாநதி, 1994, சந்தானபாரதி இயக்கம், ரா.கி. ரங்கராஜனின் வசனத்தோடு வந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து சீட்டுக் கம்பெனி மோசடியில் சிக்கும் கிருஷ்ணசாமி, சிறை, சிதறிப்போகும் பிள்ளைகள். ஸ்ரீரங்க ரங்கநாதனின் பாட்டை மட்டும் பார்த்தவர்கள் இதை ஒரு மங்களகரமான குடும்பப் படம் என்றே நினைப்பார்கள். மிச்சப் படத்தை எந்தச் சேனலும் துண்டாகப் போட முடியாது. கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் மகளைக் கண்டுபிடிக்கும் காட்சியை எங்கே எப்படி வெட்டுவது? அவள் வீட்டுக்கு வந்த பிறகு, ஓர் இரவு தூக்கத்தில் பேசுவாள். அதைக் கேட்கும் தகப்பன் முகத்தில் கமல் செய்தது, அவருக்கு விருது வாங்கித்தந்த வேறு எந்தப் படத்திலும் இல்லை என்பது என் துணிபு. ஆளை வெட்டித் தீர்க்கும் முடிவு வணிகத்துக்கு இறங்கி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதுவரை படம் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. பார்த்தவர்கள் இரண்டாம் முறை பார்க்கத் தயங்குகிறார்கள், அதனால் பேச்சில் அடிபடுவதும் குறைந்துபோனது.

ஆக, வரிசை இது: முதல் மாதம் அந்த நாள், அடுத்து வீடு, மார்ச்சில் அவள் அப்படித்தான், ஏப்ரலில் யார் வருகிறார்கள் என்று பார்த்து நாயகனோ இருவரோ. மகாநதியைப் பள்ளி விடுமுறையில் போட வேண்டாம், ஜூனுக்குத் தள்ளலாம். சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வரச் சொல்லி இரண்டு நாள் முன்பே லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட வேண்டும். விடுமுறை மாதமான மே காலியாக இருக்கிறது. அன்பே சிவம்தான் வேண்டும் என்று யாராவது அழுத்திக் கேட்டால், ரயில் பயணம் முடிகிற வரைக்கும் நானும் வந்து உட்கார்ந்து பார்ப்பேன்.